இணையம் பறக்கிறது, பக்கத்து அறைக் கணினி மட்டும் நகர மாட்டேன் என்கிறது: முழுமையான வழிகாட்டி

10 கிகாபிட் ஃபைபருக்கு மாறிய பிறகும், ஹாலில் இருக்கும் கணினியிலிருந்து படுக்கையறை மடிக்கணினிக்குக் கல்யாண வீடியோவை அனுப்ப ஒரு மணி நேரம் ஆகிறதா? இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை. அந்த வீடியோ வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. ஒரு கணினியில் கிளம்பி, ரூட்டருக்குள் இருக்கும் ஸ்விட்சில் (கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பகுதி) திரும்பி, அடுத்த கணினிக்குப் போய்விடுகிறது. ஃபைபர் அதைப் பார்க்கவே பார்க்காது.

சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் இப்போது அதிகம். நாடளாவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 10 கிகாபிட்டுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அதன்பின் பலரும் சந்தாவை மாற்றிக்கொண்டார்கள். வாசல் வரை வரும் வேகம் ஏறியது. வீட்டுக்குள் இருக்கும் கம்பி, சுவர், கணினி வட்டு எல்லாம் பழையபடிதான்.

வீட்டிலோ சிறிய கடை, அலுவலகத்திலோ இருக்கும் இரண்டு மூன்று கணினிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலும் விண்டோஸ், நடுவில் கொஞ்சம் மேக். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள். அளக்காமல் புது ரூட்டர் வாங்குவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப்பெரிய பண விரயம்.

படி 1: திரையில் தெரியும் எண்ணைப் படியுங்கள்

இணைய நிறுவனங்கள் மெகாபிட்டில் விற்கின்றன. விண்டோஸின் நகலெடுக்கும் பெட்டி மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 1000 மெகாபிட் என்பது வினாடிக்கு 125 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுத் துண்டு) மேலும் ஒட்டப்படும் முகவரித் தகவலுக்குக் கொஞ்சம் போக, கோப்பு நகலில் 110 முதல் 115 வரை கிடைக்கும். அந்த எண் வந்தால் உங்கள் கிகாபிட் கம்பி முழு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். அதற்கு மேல் வேண்டுமென்றால் 2.5 கிகாபிட் கருவிகள்தான் வழி.

இப்போது 5 கிகாபைட்டுக்குக் குறையாத ஒரே கோப்பை எடுத்து ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுங்கள். பெட்டியில் 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டினால் பச்சை வரைபடம் வரும். அதன் உருவத்திலேயே பாதி விடை இருக்கிறது.

வினாடிக்கு 11 மெகாபைட்டில் கோடு போட்டதுபோல் நேராக நின்றால், வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. 40 கிகாபைட் வீடியோ இந்த வேகத்தில் போக ஒரு மணி நேரம். கிகாபிட்டில் அதே கோப்புக்கு ஆறு நிமிடம். 30 முதல் 40 வரை அசையாமல் நின்றால், பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகிய வெளிவட்டைச் சந்தேகியுங்கள். முதல் சில கிகாபைட்டுக்கு 110 காட்டிவிட்டுப் பிறகு 20க்குச் சரிந்தால், நெட்வொர்க்கைக் குறைசொல்ல வேண்டாம். எழுதும் பக்கத்து வட்டின் தற்காலிக நினைவகம் நிரம்பிவிட்டது. ரம்பப் பற்கள்போல் ஏறி இறங்கினால் பெரும்பாலும் வைஃபை. பூஜ்யத்தில் பல வினாடி நின்று பிறகு எழுந்தால் வட்டு சாகும் நிலையில் இருக்கலாம். அந்தக் கணினியில் உள்ளதை முதலில் வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

படி 2: வட்டையும் கம்பியையும் பிரித்து அளங்கள்

கோப்பு நகலில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன: படிக்கும் வட்டு, நடுவில் நெட்வொர்க், எழுதும் வட்டு. எது மெதுவோ மொத்த வேகமும் அதுவே. நெட்வொர்க்கை மட்டும் தனியாக அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது வட்டைத் தொடாமல் ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு வெற்றுத் தரவை அனுப்பிப் பார்க்கிறது.

இரண்டு கணினியிலும் அதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணினியின் கமாண்ட் சாளரத்தில் (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) அந்த மென்பொருளின் பெயரை (iperf3) அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சிறிய எஸ் எழுத்தும் சேர்த்து எண்டர் அழுத்துங்கள். அது காத்திருக்கத் தொடங்கும். விண்டோஸின் பாதுகாப்புச் சுவரான ஃபயர்வால் அனுமதி கேட்டால் தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். இரண்டாவது கணினியில் அதே பெயருக்குப் பிறகு ஓர் இடைவெளி, கழித்தல் குறி, சிறிய சி, ஓர் இடைவெளி, அப்புறம் முதல் கணினியின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்), உதாரணமாக 192.168.1.20. பத்து வினாடியில் விடை வரும். முடிந்ததும் அதே வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பெரிய ஆர் எழுத்தும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இது எதிர்த் திசையை அளக்கும். இந்த இரண்டாம் ஓட்டத்தை யாரும் செய்வதில்லை, ஆனால் பல பழுதுகள் ஒரே திசையில்தான் தெரியும்.

கறுப்புச் சாளரம் ஒத்துவரவில்லையா? ஓபன்ஸ்பீட்டெஸ்ட் சர்வரை ஒரு கணினியில் நிறுவினால், அது காட்டும் முகவரியை மற்றக் கணினியின் உலாவியில் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கைபேசியிலும் திறக்கும் என்பது கூடுதல் வசதி.

கிகாபிட் கம்பியில் 940 மெகாபிட் அளவில் வரவேண்டும். இரு திசையிலும் அப்படி வந்து, கோப்பு நகல் மட்டும் மெதுவாக இருந்தால் கம்பி, வைஃபை பற்றிய பகுதிகளைத் தாண்டி நேராகப் படி 6க்குப் போகலாம். 95 மெகாபிட்டுக்குள் நின்றால் அடுத்த படி உங்களுக்காகத்தான்.

படி 3: கம்பி

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் 'லிங்க் ஸ்பீட்' என்ற வரி இருக்கும். 1000/1000 என்றால் சரி. 100/100 என்றால் கண்டுபிடித்தாகிவிட்டது. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் என்ற வழியில் இதே தகவல் கிடைக்கும். இரண்டு கணினியிலும் பாருங்கள். இரண்டிலும் 1000 காட்டியும் நடுவில் 100 மெகாபிட் இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏன் சரியாக 100க்கு இறங்குகிறது? நெட்வொர்க் கேபிளில் எட்டு இழைகள், நான்கு ஜோடிகள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஆக, மீதி இரண்டு ஜோடியில் ஓர் இழை முறிந்தாலும், ஒரு முனை துருப்பிடித்தாலும் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். இணையம் வருகிறது, யூடியூப் ஓடுகிறது, அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஈரப்பதம் அதிகமான நம் ஊரில் சுவர்த் துளையின் செம்பு முனைகள் கறுத்துப்போவதும் உண்டு. இடி மின்னலுக்குப் பிறகு திடீரென்று 100க்கு இறங்கினால், ரூட்டரின் அந்தத் துளையோ கணினியின் துளையோ அடிபட்டிருக்கலாம். ரூட்டரில் பக்கத்துத் துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

சோதிக்கும் வரிசை இது. முதலில் கணினிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சிறிய கேபிளை மாற்றுங்கள். மேலுறையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்: கேட்5இ அல்லது அதற்கு மேல் இருந்தால் 100 மீட்டர் வரை கிகாபிட்டுக்குப் போதும், 2.5 கிகாபிட்டுக்கும் போதும். வெறும் கேட்5 என்றிருந்தால் தூக்கிப்போடுங்கள். கதவுக்கு அடியில் விரிக்கும் தட்டைக் கேபிள்களை நான் நம்புவதில்லை. தினமும் கதவு நசுக்கும் இடத்தில் மெல்லிய இழை எத்தனை நாள் தாங்கும்? 'கேட்8' என்று போட்டு விலை ஏற்றி விற்பதும் வீட்டுக்குத் தேவையில்லாத ஆடம்பரம்.

அப்புறமும் 100 என்றால், இரண்டு கணினிகளையும் பக்கத்தில் கொண்டுவந்து, ரூட்டரே இல்லாமல் ஒரே கேபிளால் நேராக இணையுங்கள். கிகாபிட் துளைகளுக்குத் தனிவகைக் கேபிள் வேண்டியதில்லை, சாதாரணக் கேபிளே போதும். சற்று நேரத்தில் இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். அந்த முகவரியை வைத்து ஐபெர்ஃப்3ஐ மறுபடி ஓட்டுங்கள். இப்போது 940 வந்தால் கணினிகள் நல்லவை. குற்றம் சுவரிலோ ரூட்டரிலோ. இப்போதும் மெதுவென்றால் கணினி ஒன்றில்தான் கோளாறு: நெட்வொர்க் கார்டின் டிரைவரைப் புதுப்பியுங்கள். மெல்லிய மடிக்கணினியில் யுஎஸ்பி வழியாக ஈதர்நெட் அடாப்டர் செருகியிருந்தால் அதுவும் சந்தேகப் பட்டியலில். மலிவான அடாப்டர்களில் பல 100 மெகாபிட்டோடு நிற்பவை.

சுவர்க் கம்பிதான் குற்றவாளி என்றால், புதிய பிடிஓ (முன்பதிவுக்குப் பின் கட்டித் தரப்படும்) வீடுகளுக்கும் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கும் கதை வேறு. புதியவற்றில் அறைகளில் டேட்டா பாயிண்ட் வைத்தே தருகிறார்கள். எல்லாக் கம்பிகளும் ஒரு பெட்டியில் வந்து முடியும். படுக்கையறைத் துளையில் கேபிளைச் செருகிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள், அந்தப் பெட்டிக்குள் மறுமுனை ரூட்டரில் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் புதுப்பிப்புக் குத்தகையாளர் இழுத்துவிட்டுப் போன கம்பிதான் இருக்கும். முனைகளைச் செருகியது யார், எப்படி என்பதைப் பொறுத்தது எல்லாம். தொலைபேசிக்காக இரண்டு ஜோடியை மட்டும் செருகி வைத்திருந்தால் கிகாபிட் வரவே வராது.

கேபிள் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு துண்டாக இருக்கும். இரு முனையிலும் செருகினால் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரியும். ஒன்று எரியாவிட்டால் அந்த இழை முறிந்திருக்கிறது. ரோச்சோர் பக்கம் சிம் லிம் டவரில் டெஸ்டர், ஆர்ஜே45 முனைகள் (கேபிள் நுனியில் வரும் செருகி), அதை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி எல்லாம் கிடைக்கும். பலர் எதிரே சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விடுகிறார்கள்; உதிரிப் பாகங்களுக்கு டவர்தான் வசதி. ஒரு எச்சரிக்கை: எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தும் கிகாபிட் தடுமாறலாம். இழைகள் வரிசைப்படி இருந்தும், முறுக்கிய ஜோடிகளைக் கலந்து செருகியிருந்தால் இப்படி ஆகும். சாதாரண டெஸ்டருக்கு இது தெரியாது. இரு முனையிலும் 568பி என்ற நிற வரிசையில் மறுபடி செருகிவிடுவதே தீர்வு.

நடுவில் ஒளிந்திருக்கும் 100 மெகாபிட் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? கடைகளிலும் அலுவலகங்களிலும் மேசைத் தொலைபேசிதான் நான் முதலில் பார்க்கும் இடம். சுவரிலிருந்து கம்பி தொலைபேசிக்கு வரும், தொலைபேசியின் பின்னால் இருந்து கணினிக்குப் போகும். பழைய ஐபி தொலைபேசிகளின் அந்தத் துளை 100 மெகாபிட்தான். இங்கே கணினியே 100 என்று காட்டிவிடும். ஆனால் மேசைக்கு அடியில் பத்தாண்டுக்கு முந்தைய ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்று புழுதியோடு இருந்து, அது பெரிய ஸ்விட்சோடு 100இல் பேசிக்கொண்டிருந்தால் கணினிக்குத் தெரியாது. கம்பியை முனையிலிருந்து முனைவரை கையால் பிடித்துக்கொண்டு நடந்து பார்ப்பதே வழி. ஸ்விட்சில் எந்தத் துளைக்கு எந்த நிற விளக்கு எரிகிறது என்பதையும் கவனியுங்கள். கிகாபிட்டுக்கு ஒரு நிறம், 100க்கு வேறு நிறம் என்று பல ஸ்விட்சுகளில் உண்டு.

நெட்வொர்க் கார்டு அமைப்பில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' என்று ஒன்று இருக்கும். அது 'ஆட்டோ' என்பதிலேயே இருக்கட்டும். ஒரு பக்கம் கட்டாயமாக 100 முழு டூப்ளெக்ஸ் (இரு திசையும் ஒரே நேரத்தில்) என்று வைத்து, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், மறுபக்கம் அரை டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை) இறங்கிவிடும். ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேச, பாக்கெட்டுகள் மோதி மோதி வேகம் கிலோபைட்டுக்கு விழும். பாக்கெட்டின் அளவைப் பெரிதாக்கும் ஜம்போ ஃபிரேம் அமைப்பையும் தொடாதீர்கள். நடுவில் ஒரு கருவி ஒத்துழைக்காவிட்டால் சிறிய பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் தொங்கும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வார இறுதி போய்விடும்.

படி 4: வைஃபை

இரண்டு மடிக்கணினியும் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது: முதல் கணினியிலிருந்து ரூட்டருக்கு ஒரு முறை, ரூட்டரிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு முறை. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எனவே வேகம் ஏறக்குறைய பாதி. ஒரு கணினியை மட்டும் கம்பியில் செருகினாலே ஏறக்குறைய இரட்டிப்பாகும். வைஃபை பிரச்சினைகளில் இதைவிட மலிவான தீர்வு இல்லை.

அடுத்து, எந்த அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைத் தட்டினால் சேனல், சிக்னல் அளவு, டிஎக்ஸ் ரேட் (அனுப்பும் வேகம்) எல்லாம் தெரியும். விண்டோஸில் வைஃபை பண்புகளில் 'நெட்வொர்க் பேண்ட்' என்ற வரி. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அடுக்குமாடியில் மேலே, கீழே, இரு பக்கமும், எதிரேயும் இருக்கும் வீடுகளின் ரூட்டர்கள் எல்லாம் அங்கேதான் மோதிக்கொள்கின்றன. ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வைத்து அதில் மட்டும் இணையுங்கள். இரு ஆன்டெனா கொண்ட வைஃபை 5 மடிக்கணினி 866 மெகாபிட் என்று காட்டும், வைஃபை 6 என்றால் 1201. காட்டும் எண்ணில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு உண்மையில் கிடைத்தால் திருப்திப்படுங்கள்.

சிக்னல் எண் கழித்தல் குறியோடு வரும். -50 அருமை. -67 வரை பரவாயில்லை. -75ஐத் தாண்டினால் அமைப்புகளை மாற்றிப் பயனில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும். இங்கே நம் வீடுகளின் கட்டுமானம் பெரிய விஷயம். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் என்று நாம் சொல்லும் பாதுகாப்பு அறை இருக்கிறது. தடித்த கான்கிரீட், உள்ளே இரும்புக் கம்பி, இரும்புக் கதவு. அலைகளுக்கு அது குகை. ரூட்டரையோ நாஸ் பெட்டியையோ (நெட்வொர்க்கில் இணைத்த பொதுக் கோப்புச் சேமிப்பு) இடம் மிச்சம் என்று அதற்குள் வைத்தால், ரூட்டருக்கு வாய் கட்டியாயிற்று. அதன் சுவரில் இஷ்டத்துக்குத் துளையிடவும் கூடாது, கட்டுப்பாடுகள் உண்டு. ஃபைபர் முனை வாசல் பக்கப் பெட்டியில் இருந்தால், அங்கிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை மட்டும் ஹாலுக்கு இழுத்து ரூட்டரை வெளியே வையுங்கள். தண்ணீரும் அலைகளை விழுங்கும். மீன்தொட்டிக்குப் பின்னால் ரூட்டர் வேண்டாம்.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் வேறு ரகம். குறுகலாக, நீளமாக, தடித்த செங்கல் சுவரோடு இருக்கும். முன்னால் கல்லாவில் ஒரு கணினி, பின்னால் சரக்கறை தாண்டி மாடியில் கணக்கர். நடுவில் எத்தனை மெஷ் பெட்டி (வைஃபையை அடுத்த அறைக்குக் கடத்தும் துணைப் பெட்டி) வைத்தாலும், பெட்டிகள் தங்களுக்குள் வைஃபையில் பேசிக்கொண்டால் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் போகும். மெஷ் பெட்டிகளைக் கம்பியால் இணைத்தால்தான் அதற்குக் கொடுத்த காசுக்குப் பலன்.

6 கிகாஹெர்ட்ஸ் பற்றி ஒரு வரி: சிங்கப்பூரில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்திருக்கிறது. 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல்கள் மூன்று அதில் அடங்கும். அதே அறைக்குள் அற்புதம். சுவர் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சீக்கிரம் களைத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் அவ்வப்போது ஒரு நிமிடம்போல இணைப்பே காணாமல் போனால், ரூட்டர் 52 முதல் 144 வரையிலான சேனலில் இருந்து, ரேடார் அலை என்று நினைத்து அதற்கு வழிவிட்டு வேறு சேனலுக்கு மாறியிருக்கலாம். 36 என்று கையால் அமைத்துப் பாருங்கள்.

கம்பி இழுக்கவே முடியாத வாடகை வீடென்றால், பழைய கேபிள் டிவி முனை சுவரில் இருக்கிறதா பாருங்கள். 2019இல் கேபிள் தொலைக்காட்சி ஃபைபருக்கு மாறியபின் அந்தக் கோஆக்சியல் கம்பிகள் சும்மா கிடக்கின்றன. அதில் நெட்வொர்க் அனுப்பும் அடாப்டர் ஜோடிகள் விற்கிறார்கள், மெஷ்ஷைவிட உறுதியாக ஓடும். மின்கம்பி வழியே அனுப்பும் பவர்லைன் அடாப்டர் கடைசி வழி. பெட்டியில் 1000, 2000 என்று போட்டிருந்தாலும் கையில் வருவது அதில் சிறு பங்குதான். அதையும் நீட்டிப்புப் பலகையில் செருகாமல் நேரே சுவரில் செருகுங்கள்.

படி 5: வீட்டுக்குள் இரண்டு ரூட்டர் இருக்கிறதா?

நிறுவனம் கொடுத்த பெட்டியே ரூட்டராகவும் இருக்கும். அதன் பின்னால் நாம் வாங்கிய மெஷ் இன்னொரு ரூட்டர். ஒரு கணினி முதல் பெட்டியில், இன்னொன்று இரண்டாவதில். இரண்டின் ஐபி முகவரியையும் ஒப்பிடுங்கள்: ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.50 என்றும் தொடங்கினால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைப் பட்டியலில் பார்க்காது. பார்த்தாலும் ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டாவது ரூட்டரின் முகவரி மாற்றும் வேலையைத் தாண்டிப் போகவேண்டும். மெஷ்ஷை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றுங்கள், அல்லது எல்லாக் கணினிகளையும் அதன் பக்கமே கொண்டுவாருங்கள். விருந்தினர் வைஃபையில் இருக்கும் கணினிக்கு மற்றவை தெரியாது. அது பழுதல்ல, அதன் நோக்கமே அது.

அலுவலக மடிக்கணினியில் விபிஎன் (தொலைவிலுள்ள நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்) ஓடினால் அதை அணைத்துவிட்டு அளங்கள். சில நிறுவனங்களின் விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் அலுவலகத்துக்கு இழுத்துக்கொள்ளும். பக்கத்து மேசை அச்சுப்பொறியை எட்ட முடியாமல் போவதும் அதனால்தான். அணைக்க அனுமதி இல்லையென்றால் உங்கள் ஐடி துறையிடம் கேளுங்கள், மீறிச் செய்யாதீர்கள்.

படி 6: நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, நகல்தான் மெதுவு

முதலில் வட்டு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நகலெடுங்கள். இரண்டு கணினியில் எதில் 'டிஸ்க்' 100 சதவீதத்தில் நிற்கிறதோ அதுவே தடை. பழைய மடிக்கணினியின் சுழலும் வட்டு, பாதிக்கு மேல் நிரம்பி இருந்தால், கிகாபிட்டை நிரப்பத் திணறும். ஒரு எஸ்எஸ்டி (சுழலாத மின்னணு வட்டு) போட்டால் கணினியே புதிதாகிவிடும்.

அடுத்து, கோப்புகளின் எண்ணிக்கை. ஒரே 5 கிகாபைட் வீடியோவும், 5 கிகாபைட் அளவுள்ள இருபதாயிரம் சிறிய படங்களும் ஒன்றல்ல. ஒவ்வொரு கோப்புக்கும் திற, அனுமதி பார், எழுது, நேரம் குறி, மூடு என்று இரு கணினியும் பலமுறை பேசிக்கொள்கின்றன. தரவு போவதைவிடப் பேச்சுக்கே நேரம் போகிறது. ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்புங்கள். அடிக்கடி செய்யும் வேலையென்றால் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையில் எம்டி (/MT) என்ற தெரிவைச் சேருங்கள். ஒரே நேரத்தில் எட்டு கோப்புகளை அனுப்பும். வைரஸ் தடுப்பு மென்பொருளும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும். அதை அணைக்கச் சொல்லமாட்டேன். நீங்கள் நம்பும் ஒரு கோப்புறைக்கு மட்டும் விலக்கு கொடுத்து வித்தியாசம் தெரிகிறதா பாருங்கள்.

புது விண்டோஸுக்கு மாறிய நாளிலிருந்துதான் பழைய நாஸ் பெட்டி மெதுவாகிவிட்டது என்றால், அது கற்பனையல்ல. 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பு, கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி வழியே போகும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது. நடுவில் யாரும் செய்தியை மாற்றிவிடாமல் இருக்க இது நல்லதுதான். ஆனால் பலவீனமான சிப் கொண்ட பழைய பெட்டி அந்தக் கணக்கைப் போட்டே களைத்துவிடும். நாஸின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். கையொப்பத்தை அணைத்தால் வேகம் திரும்பும் என்பது உண்மை. ஊழியர்கள், வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே வைஃபையில் இருக்கும் கடையில் நான் அதைச் செய்யமாட்டேன்.

நகல் வேகமாகப் போகிறது, ஆனால் கோப்புறை திறக்க மட்டும் அரை நிமிடம் ஆகிறது என்றால் அது வேகப் பிரச்சினையே அல்ல. கணினியின் பெயரைத் தேடுவதில் நேரம் போகிறது. பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். உடனே திறந்தால், ரூட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்கி, குறுக்குவழியை அந்த முகவரிக்கே வைத்துவிடுங்கள். எப்போதோ இணைத்து இப்போது இல்லாத நெட்வொர்க் டிரைவ் எழுத்துகளையும் நீக்குங்கள். செத்துப்போன டிரைவ் பதில் சொல்லும் என்று விண்டோஸ் காத்துக்கொண்டே இருக்கும்.

படி 7: கடைக் கணக்கு மென்பொருள்

ஒரு கணினியில் தரவுக் கோப்புறையைப் பகிர்ந்து, மற்ற மூன்று கணினிகள் அதைத் திறந்து பில் போடும் ஏற்பாடு சிறு கடைகளில் சகஜம். இங்கே மெகாபைட் கணக்கு உதவாது. ஒவ்வொரு விசைக்கும் சிறு சிறு கேள்விகள் போய் வருகின்றன. ஒரு கேள்வி போய்வரும் நேரம்தான் முக்கியம். கமாண்ட் சாளரத்தில் பிங் கட்டளையை அந்தக் கணினியின் முகவரிக்கு ஓட்டுங்கள். கம்பியில் 1 மில்லிவினாடிக்குள் நிலையாக வரும். வைஃபையில் 3, 5, திடீரென்று 80, மறுபடி 4 என்று தாவினால், பில் போடும் பெண் ஏன் நெற்றியைத் தேய்க்கிறார் என்று புரிந்துவிடும். இப்படிப்பட்ட மென்பொருளுக்கு வைஃபையே வேண்டாம். நடுவில் இணைப்பு அறுந்தால் தரவுக் கோப்பே கெட்டுப்போகலாம், வேகம் அப்போது சின்ன விஷயமாகிவிடும். தரவு இருக்கும் கணினி தூங்கிப்போகாதபடி மின் அமைப்பையும் மாற்றி வையுங்கள்.

படி 8: மறுமுனை சென்னையில் இருந்தால்

இங்கே கடை, அங்கே கணக்கர் என்ற ஏற்பாடும் நம்மவர்களிடம் நிறைய. சென்னையிலிருந்து விபிஎன் வழியாகச் சிங்கப்பூர்க் கணினியின் எக்செல் கோப்பைத் திறந்தால் ஆமை வேகம். இரு பக்கமும் அதிவேக ஃபைபர், இருந்தும் ஏன்?

2002இல் போடப்பட்ட, சிங்கப்பூரையும் சென்னையையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கம்பி சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக ஒரு பக்கம் போக 16 மில்லிவினாடி, போய்த் திரும்ப 32. இது இயற்பியல் போட்ட அளவு, எந்தச் சந்தாவும் இதைக் குறைக்காது. வீட்டுக் கம்பியில் 1 மில்லிவினாடிக்குள் முடியும் ஒரு கேள்வி பதில், இங்கே குறைந்தது 32 எடுக்கும். கோப்பைத் திறக்க இப்படி நூறு கேள்விகள் போனால் மூன்று வினாடிக்கு மேல் வெறும் காத்திருப்பு. அதோடு, பதில் வருமுன் எவ்வளவு தரவை அனுப்பி வைக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய கருவிகளிலும் சில விபிஎன்களிலும் அது 64 கிலோபைட்டோடு நிற்கும். 32 மில்லிவினாடிக்கு ஒருமுறை 64 கிலோபைட் என்றால் வினாடிக்கு 2 மெகாபைட்தான், அதாவது 16 மெகாபிட். உங்கள் ஃபைபர் 1000 ஆக இருந்தாலும் 10,000 ஆக இருந்தாலும் அதே 16.

அதனால் அவ்வளவு தூரத்துக்குக் கோப்புறையைப் பகிராதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் சிங்கப்பூர்க் கணினியின் திரையைத் திறந்து, கோப்பை இங்கேயே வைத்து வேலை செய்யச் சொல்லுங்கள்; கடலைக் கடப்பது படமும் விசைகளும் மட்டும். விபிஎன்னுக்குள் மட்டும் அதைத் திறந்து வையுங்கள், ரூட்டரில் வெளியுலகுக்கு நேராகத் திறந்துவிட வேண்டாம். பெரிய கோப்புகளை ஒருமுறை அனுப்பினால் போதும் என்றால், ஒத்திசைக்கும் சேவை ஒன்றில் போட்டு இரவில் ஓடவிட்டால் காலையில் அங்கே இருக்கும். சென்னை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால், கணக்கர் உட்காருவதற்குள் அது எப்படியும் போய்ச் சேர்ந்திருக்கும்.